கவர் மாட்டியாச்சு, கழட்டினீங்களா? டிடெக்டர் காயில் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல புதுசா மெட்டல் டிடெக்டர் வாங்கறவங்களுக்குன்னு ரெண்டு பக்கம் எழுதினப்போ, கடைசில போற போக்குல "காயிலுக்கு ஒரு கவர் போடாம தரையில வைக்காதீங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கேள்விகளைப் பார்த்தா அந்த ஒரு வரியைத் தவிர வேற எதையும் யாரும் படிக்கல போல. சரி, இந்த தடவை முழுக்க காயிலும் கவரும்தான். ஒரே கேள்வியை நிறைய பேரு கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், பேரு போட வேணாம்னு பல பேரு சொல்லியிருந்ததால எல்லாருக்குமே ஊரு மட்டும்தான்.

கேள்வி: சார், எனக்கு அடிப்படையே தெரியாது, தப்பா நினைக்காதீங்க. காயில்னா கீழ இருக்கற அந்த வட்டத் தட்டுதானே? அதுவே பிளாஸ்டிக்தான், பிளாஸ்டிக்குக்கு மேல இன்னொரு பிளாஸ்டிக் எதுக்கு?
– வாசகர், மதுரை

பதில்: இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு, சரியான இடத்துலதான் ஆரம்பிச்சிருக்கீங்க. தடியோட நுனியில இருக்கற தட்டுதான் காயில். வெளியில தெரியறது ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு, விஷயம் உள்ள இருக்கு. சாதாரண விஎல்எஃப் (ரொம்ப கம்மி அலைவரிசைல வேலை செய்யற) மெஷின்ல உள்ள ரெண்டு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், ஒண்ணு தரைக்குள்ள காந்தப்புலத்தை அனுப்பும், இன்னொண்ணு உலோகத்துல பட்டு திரும்பி வர்ற சின்ன மாற்றத்தைப் பிடிக்கும். அனுப்பற சுருளோட சத்தம் கேக்கற சுருளுக்கு நேரா போயிடக் கூடாதுன்னு ரெண்டையும் ரொம்ப கணக்கா இடம் பார்த்து வெச்சு, அசையாம இருக்க எபாக்ஸியோ ஃபோமோ ஊத்தி இறுக்கியிருப்பாங்க. நிறைய காயில்ல ஓட்டோட உள்பக்கமா கிராஃபைட் பெயின்ட் பூசியிருக்கும், வெளி மின்சார இரைச்சலும் ஈரப் புல்லு உரசற சத்தமும் உள்ள வராம இருக்க அதுதான் கவசம்.

இப்போ நீங்க தினமும் அந்தத் தட்டை ஜல்லியிலயும் மணல்லயும் உரசிக்கிட்டே போறீங்க, ஓடு தேயுது, ஒரு நாள் அந்தக் கவசமே வெளிய தெரியுது, அப்புறம் தண்ணி உள்ள போகுது, உள்ள இருக்கற சுருளு மில்லிமீட்டர்ல அசைஞ்சாலும் மெஷின் காரணமே இல்லாம கத்த ஆரம்பிக்கும். காயிலைத் திறந்து ரிப்பேர் பண்றதுங்கறது அநேகமா நடக்காத காரியம், உள்ள எல்லாம் ஒரே கட்டியா இறுகியிருக்கும். புதுசுதான் வாங்கணும், அது டிடெக்டர் விலையில ஒரு பெரிய பங்கு. கவர் தேயறதுக்குன்னே பொறந்தது, செருப்பு மாதிரி. தேய்ஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம்.

கேள்வி: கவர் போட்டா ஆழம் குறையும்னு இங்க ஒரு நண்பர் அடிச்சு சொல்றார். பீச்சுல காசு தேடறவங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட முக்கியமாச்சே?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கணக்குப்படி உங்க நண்பர் சொல்றது சரிதான், நடைமுறைல அர்த்தமில்லை. கவரோட கனம் ஒண்ணரை ரெண்டு மில்லிமீட்டர், சிலது மூணு. உங்க காயில் அவ்ளோதான் தரையிலேர்ந்து தள்ளிப் போகுது. தூரம் கூடக் கூட சிக்னல் பயங்கர வேகமா குறையும்ங்கறது உண்மை, ஆனா அந்த ரெண்டு மில்லிமீட்டரைப் பத்தி கவலைப்படறவர் ஆட்டறதைக் கொஞ்சம் நின்னு பாருங்க, ஒவ்வொரு வீச்சோட ரெண்டு முனையிலயும் காயில் தரையிலேர்ந்து ஒரு ஜாண் மேல எழும்பும். ஆழம் போறது அங்கதான். காயில்ல கீறல் விழுந்துடுமோன்னு பயந்து தூக்கிப் பிடிச்சு ஆட்டறவரை விட, கவர் போட்டுக்கிட்டு தைரியமா தரையை ஒட்டி ஆட்டறவருக்குத்தான் அதிகம் கிடைக்கும். ஒட்டி ஆட்டறதுன்னா தரையில போட்டு தேய்க்கறது இல்லீங்க, அதையும் சேர்த்து சொல்லிடறேன்.

கேள்வி: நான் மணவாளக்குறிச்சி பக்கம். கடற்கரைக்கு வர்றவங்க மோதிரம், செயினு தொலைச்சுட்டா கூப்பிடுவாங்க, தேடிக் கொடுப்பேன். மெஷின் புதுசுல அருமையா இருந்துச்சு, கொஞ்ச நாளா ஈர மணல்ல மட்டும் இல்ல, காஞ்ச மணல்லயும் சும்மா சும்மா பீப் அடிக்குது. சென்சிட்டிவிட்டி குறைச்சாலும் அடங்கல. காயில் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. கவர் வாங்கின நாள்லேர்ந்து போட்டேதான் வெச்சிருக்கேன் சார், ஒரு நாள் கூட கழட்டினது இல்ல.
– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: வியாதியையும் சொல்லி காரணத்தையும் நீங்களே கடைசி வரியில எழுதிட்டீங்க. கழட்டாததுதான் பிரச்சனை.

உங்க ஊரு மணல் சாதாரண மணல் இல்ல. ஐஆர்இஎல் (பழைய பேரு இந்தியன் ரேர் எர்த்ஸ்) கம்பெனி அங்க ஆலை வெச்சு மணலைப் பிரிக்கறதே அதுல இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட்னு அத்தனை கனிமமும் கலந்து கிடக்கறதாலதான். இதுல ரெண்டு உங்க காயிலுக்கு எதிரி. கார்னெட்டு அந்த செவப்பு மணலு, உப்புத்தாள் செய்யறதுக்கே பயன்படுத்தற பொருள், அது கவருக்கும் காயிலுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சுன்னா நீங்க நடக்கற ஒவ்வொரு அடிக்கும் காயிலோட அடிப்பக்கத்தை உள்ளுக்குள்ளயே ராவிக்கிட்டு இருக்கும், வெளியில கவர் பளபளன்னு இருக்கும், உள்ள காயில் தேஞ்சுக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு கருமணல், இல்மனைட்ல இரும்பு இருக்கு, கூடவே காந்தத்துல ஒட்டற மத்த கருப்புத் துகளும் வரும். டிடெக்டர் எதைப் பார்த்து கத்துதுன்னா மாற்றத்தைப் பார்த்து. ஒரு பொருள் காயிலோட ஒட்டி அசையாம இருந்தா பெரும்பாலும் அதைக் கழிச்சுட்டு மெஷின் வேலை செய்யும், ஆனா கவருக்குள்ள கருமணல் ஒவ்வொரு வீச்சுக்கும் இடமும் வலமும் ஓடுது பாருங்க, அதைத்தான் உலோகம்னு நினைச்சு பீப் அடிக்குது. கூட கொஞ்சம் கடல் தண்ணி இருந்துட்டா கேக்கவே வேணாம், உப்புத் தண்ணி மின்சாரம் கடத்தும், அது உள்ள தளும்பிக்கிட்டு இருந்தா ஒரே நேரத்துல பல அலைவரிசைல வேலை செய்யற மல்டி ஃப்ரீக்வென்சி மெஷினா இருந்தாலும் தடுமாறும்.

கழட்டறது இப்படி. காயிலைக் கவுத்து மடியில வெச்சுக்கோங்க, அடிப்பக்கம் மேல பார்த்த மாதிரி. தடி மாட்டற காதுக்கு எதிர்ப்பக்கம், அதாவது முன்மூக்கு, அங்க ரெண்டு கட்டைவிரலையும் விளிம்புல வெச்சு கவரை வெளிப்பக்கமா நெம்புங்க. டக்குன்னு ஒரு இடம் விடும், அப்புறம் பக்கவாட்டுல விரலை ஓட்டிக்கிட்டே வந்தா கழண்டு வந்துடும். ரொம்ப நாளா கழட்டாததுனால உப்பு பூத்து இறுகிப் போயிருக்கும், வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் முக்கி வெச்சா பிளாஸ்டிக் இளகி கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வேணவே வேணாம், பழைய ஏடிஎம் கார்டு இருந்தா போதும். உள்ள பார்த்தீங்கன்னா விளிம்பு ஓரம் முழுக்க கருப்பா ஒரு வளையம் படிஞ்சிருக்கும், விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறன்னு இருக்கும். நம்பிக்கை வரலைன்னா பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு அதுமேல காட்டிப் பாருங்க, சிலுத்துக்கிட்டு எழும்பும். அதோடதான் இவ்ளோ நாளா தேடிக்கிட்டு இருந்தீங்க.

நல்ல தண்ணில ரெண்டையும் கழுவுங்க, தேவைப்பட்டா பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். நிழல்ல காய வைங்க. ராத்திரி கவர் தனியா காயில் தனியா கிடக்கட்டும். கடற்கரைக்குப் போன ஒவ்வொரு நாளும் இதைப் பண்ணணும், வாரத்துக்கு ஒரு தடவைங்கறது உங்க ஊருக்குச் சரிப்படாது. கழுவின பிறகு கவர் இல்லாம வீட்டுக்கு வெளிய, இரும்பு இல்லாத இடமா பார்த்து ஓட்டிப் பாருங்க, அமைதியா இருந்தா காயிலுக்கு ஒண்ணும் இல்ல. கழுவியும் கத்தினா கீழ சேலம் வாசகருக்கு சொல்லியிருக்கற தட்டிப் பார்க்கற சோதனையைப் பண்ணுங்க.

கேள்வி: அப்போ கவர்ல சின்னச் சின்ன ஓட்டை போட்டுட்டா தண்ணியும் மணலும் தானா வெளிய போயிடாதா?
– அதே வாசகர், அடுத்த வரியிலேயே

பதில்: வெளிய போற வழியிலதான் உள்ளயும் வரும். இடுப்பளவு தண்ணில நின்னு தேடறவங்க ஓட்டை போடறதுல ஒரு நியாயம் இருக்கு, கவருக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டா காயில் மிதக்கப் பார்க்கும். கரை மணலுக்கு வேணாம். உண்மையைச் சொன்னா தண்ணிக்குள்ள தேடறப்போ கவரையே கழட்டி வெச்சுட்டுப் போறவங்க நிறைய, அங்க ஜல்லி இல்லைன்னா அதுவும் சரிதான்.

கேள்வி: அண்ணா, நாங்க மெல்பர்ன்ல இருக்கோம். மைனர்ஸ் ரைட் (தங்கம் தேடறதுக்கான அரசாங்க அனுமதி) எடுத்து வாரக் கடைசில டனாலி, மேரிபரோ பக்கம் தங்கம் தேடப் போவோம், இன்னும் பெருசா ஒண்ணும் மாட்டல! அங்க குவார்ட்ஸ் ஜல்லில கவர் சீக்கிரமே தேய்ஞ்சு போகுது. கவர் விளிம்பைச் சுத்தி சிலிக்கான் போட்டு நிரந்தரமா சீல் பண்ணிட்டா தூசி உள்ள வராதுன்னு இங்க சில பேர் பண்றாங்க. பண்ணலாமா?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: பெருசா மாட்டலைன்னு சலிச்சுக்காதீங்க, நீங்க போற அந்தப் பகுதிலதான் 1869-ல மோலியாகுல்ல வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் கட்டி கிடைச்சுது, 1980-ல கிங்கவர் பக்கத்துல மெட்டல் டிடெக்டர்லயே 27 கிலோ ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் கிடைச்சுது. நிலம் நல்ல நிலம்தான்.

சிலிக்கான் விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு, உங்களுக்கு நான் பண்ணலாம்னுதான் சொல்வேன், மேல இருக்கற கன்னியாகுமரி வாசகருக்குக் கூடவே கூடாதும்பேன். வித்தியாசம் ஈரம். உங்க ஊரு கோடைல தரை எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கும், உள்ள போறது பவுடர் மாதிரி செம்மண் தூசியும் இரும்புக்கல் துகளும்தான், அதை விளிம்புலயே நிறுத்திட்டா வேலை முடிஞ்சுது. கடல் பக்கம் சீல் பண்ணினா எப்படியும் ஒரு மயிரிழை இடைவெளில தண்ணி போயே தீரும், போன தண்ணி திரும்ப வெளிய வராது.

பண்றதுன்னா முதல்ல காயிலும் கவரும் முழுசா காஞ்சிருக்கணும், மழை நாள்ல பண்ணாதீங்க. வினிகர் வாடை அடிக்கற சிலிக்கான் வேணாம், நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கறதை வாங்குங்க. கவரோட மேல் விளிம்பும் காயிலும் சேர்ற கோட்டுல மட்டும் மெல்லிசா ஒரு ஓட்டு, விரல்ல சோப்புத் தண்ணி தொட்டு வழிச்சு விடுங்க. உள்ள முழுக்க பூசி ஒட்டறவங்க இருக்காங்க, அவங்க அடுத்த கவர் மாத்தறப்போ அழுவாங்க. பின்னாடி எடுக்கணும்னா தூண்டில் நரம்பை அந்தக் கோட்டுல நுழைச்சு ரெண்டு கையாலயும் ரம்பம் இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டே சுத்தி வந்தா அறுந்து வந்துடும், கத்தி போட்டா காயில்ல பள்ளம் விழும். இவ்ளோ தூரம் போக வேணாம்னா கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி ஒட்டுங்க, வெயில்ல பசை உருகி பிசுபிசுக்கும், அப்பப்போ மாத்திக்கணும், ஆனா எப்ப வேணா கழட்டலாம். என் கட்சி டேப் கட்சி.

இன்னொண்ணு, கவர் முதல்ல தேயறது எப்பவுமே முன்மூக்கும் ரெண்டு பக்க விளிம்பும்தான், நடுப்பகுதி புதுசாவே இருக்கும். வட்டக் காயிலா இருந்து கவர்ல காதுக்குன்னு வெட்டு எதுவும் இல்லைன்னா அப்பப்போ கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கோங்க, தேய்மானம் பரவலா போகும். விளிம்புல ஓட்டை விழுந்த கவரை "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்"னு வெச்சுக்காதீங்க, ஓட்டை வழியா வர்ற தூசி திரும்பப் போக வழி இல்லாம உள்ளயே சேரும், கவரே இல்லாததை விட அது மோசம். கவரே இல்லைன்னா மண்ணு உதிர்ந்தாவது போகும்.

கேள்வி: எங்க ஆட்டினாலும், வானத்தைப் பார்த்துப் பிடிச்சாலும், ஒரே மாதிரி லேசா ஒரு சத்தம் கூடவே வருது. கவர் மாட்டினப்புறம்தான் இப்படி.
– இதே மாதிரி நாலஞ்சு பேர்

பதில்: உங்களோடயே வர்ற உலோகம் உங்ககிட்டதான் இருக்கு. கவரைக் கழட்டி உதறுங்க, ஈயக் குண்டு துணுக்கோ சாக்லெட் ஃபாயிலோ ஒண்ணு உள்ள இருக்கும். இல்லைன்னா கவர்ல இருக்கற பளபள ஸ்டிக்கரைப் பாருங்க, விலை கம்மியா வர்ற சில கவர்ல வெள்ளி நிற லோகோ ஒட்டியிருப்பாங்க, அதுல உலோகப் படலம் இருக்கலாம். சோதிக்கறது சுலபம், கவர் இல்லாத காயிலை மரப் பலகை மேல வெச்சுட்டு, வாட்ச் மோதிரம் கழட்டின கையால வெறும் கவரை அதுக்கு முன்னாடி ஆட்டிக் காட்டுங்க. சத்தம் வந்தா கவர்ல குத்தம்.

இது இன்னிக்கு நேத்து வந்த தொல்லை இல்ல. 1881-ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்புல பாஞ்ச துப்பாக்கிக் குண்டைத் தேட டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல் ஒரு கருவி செஞ்சுக்கிட்டு போனார், நம்ம டிடெக்டருக்கு அதைப் பாட்டன்னே சொல்லலாம். குண்டு கிடைக்கல. படுக்கைக்குள்ள இருந்த இரும்புக் கம்பிகள் கருவியைக் குழப்பினது ஒரு காரணம். ஜனாதிபதி மெத்தையையே யாரும் முன்னாடி பாக்கல, நாம ஸ்டிக்கரைப் பாக்காததுல ஆச்சரியமில்ல.

கேள்வி: காயில் விளிம்புல முடி மாதிரி ஒரு விரிசல் தெரியுது. ஃபெவிக்விக் போடலாமா? கூடவே, கவருக்கு பதிலா வீட்டுல ஒடஞ்ச பிளாஸ்டிக் குடம் இருக்கு, அதோட அடியை வட்டமா வெட்டி மாட்டினா என்ன? சிரிக்காதீங்க.
– வாசகர், சேலம்

பதில்: குடத்துக்கு சிரிக்கவே இல்ல, நல்ல யோசனை. அந்த பிளாஸ்டிக் வழுக்கும், கல்லுல சுலபமா உடையாது. பிரச்சனை என்னன்னா அதுமேல எந்தப் பசையும் பிடிக்காது, பாலிஎத்திலின் அப்படி. அதனால ஒட்டறதை மறந்துடுங்க, விளிம்பை மடக்கிக் கவ்வற மாதிரி செஞ்சாதான் நிக்கும், வெந்நீர்ல காட்டி மடக்கலாம், பொறுமை வேணும். காயிலோட ஒட்டி உக்காரணும், நடுவுல தொளதொளன்னு இருந்தா ஆட்டறப்போ தட்டித் தட்டி சத்தம் கொடுக்கும். த்ரீடி பிரின்டர் வெச்சிருக்கற நண்பர் இருந்தா அவர்கிட்ட கேளுங்க, ஆனா பிஎல்ஏங்கற பிளாஸ்டிக்ல அடிக்கச் சொல்லாதீங்க, 60 டிகிரி பக்கம் போனா இளகிடும், சித்திரை வெயில்ல பூட்டின காருக்குள்ள அதுவே நெளிஞ்சு போயிடும். பிஇடிஜி, ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்னா பரவாயில்ல. கார்பன் ஃபைபர் கலந்தது எதுவும் வேணாம், அது மின்சாரம் கடத்தும்.

விரிசல் விஷயம் கொஞ்சம் சீரியஸ். முதல்ல உள்ள சேதம் இருக்கான்னு பாருங்க, மெஷினை ஆன் பண்ணி காயிலை வெட்டவெளில, பக்கத்துல எந்த இரும்பும் இல்லாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விரல் முட்டியால சுத்திச் சுத்தி லேசா தட்டுங்க. எங்கேயும் சத்தம் வரலைன்னா விரிசல் ஓட்டோட போச்சு. ஒரு குறிப்பிட்ட இடத்துல தட்டினா மட்டும் கத்துதுன்னா உள்ள சுருளோ கவசமோ விட்டிருக்கு, பசை போட்டு பிரயோஜனம் இல்ல, கம்பெனி சர்வீஸ்கிட்ட கேக்கணும்.

ஓட்டோட போனதுதான்னா ரெண்டு மூணு நாள் நல்லா காய விடுங்க, உள்ள ஈரத்தை வெச்சு மூடறதுதான் பெரிய பாவம். மெல்லிசு உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, ரெண்டு ட்யூப் கலக்கற எபாக்ஸி, அரால்டைட் மாதிரி, அதைத் தடவி ஒரு நாள் விட்டுடுங்க. ஃபெவிக்விக் அதிர்ச்சி தாங்காது, விட்டுப் போகும். ஸ்டீல் கலந்த எபாக்ஸி கடைல "இன்னும் ஸ்ட்ராங் சார்"னு கொடுப்பாங்க, அதுல இரும்புத் தூளு இருக்கு, வேணாம். எந்தப் பசையா இருந்தாலும் வாங்கின உடனே ட்யூபுக்குள்ள இருக்கறதை ஒரு பிளாஸ்டிக் மூடியில கொஞ்சம் எடுத்து காயில் முன்னாடி காட்டிப் பாருங்க, மெஷினே சொல்லும். சுத்தம் பண்றேன்னு தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கிட்டக் கொண்டு போகாதீங்க, ஏபிஎஸ் கரைஞ்சு கொழகொழன்னு ஆயிடும்.

கேள்வி: இங்க அறுவடை முடிஞ்ச கோதுமை வயல்ல தேடறேன், விவசாயிகிட்ட பர்மிஷன் வாங்கித்தான். தாள் கட்டைகள் காயில்ல இடிச்சு இடிச்சு ஒரே ஃபால்ஸ் சிக்னல். கனமான கவர் போட்டா சரியாகுமா?
– வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: கவர் கீறலைத் தடுக்கும், இடியைத் தடுக்காது. தாளுக்கு மேல மிதக்க விடாம வரிசைக்கு நடுவுல, தாள் நிக்கற வரிசையோட போக்குலயே நடந்து ஆட்டிப் பாருங்க, பாதி இடி குறையும். சென்சிட்டிவிட்டியை ஒரு படி இறக்குங்க. முக்கியமா கேபிளைப் பாருங்க, காயிலேர்ந்து வர்ற வயர் தடியில தொளதொளன்னு சுத்தியிருந்தா தாள்ல மாட்டி மாட்டி அசையும், அந்த அசைவுக்கே மெஷின் கத்தும், கவர் மேல பழி விழும். காயில் சாயறதுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு விட்டுட்டு மீதியை வெல்க்ரோல இறுக்கிக் கட்டுங்க.

அதே கையோட காது போல்ட்டையும் பாருங்க. காயில் தொங்கக் கூடாதுன்னு முறுக்கு முறுக்குன்னு முறுக்கி காதையே ஒடைக்கறவங்கதான் அதிகம். ரப்பர் வாஷர் தேய்ஞ்சிருந்தா வாஷரை மாத்துங்க, போல்ட்டை முறுக்காதீங்க. அந்த பிளாஸ்டிக் போல்ட் தொலைஞ்சு போச்சுன்னு இரும்பு போல்ட் போட்டவங்களும் உண்டு, அதைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல.

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் கிளிநொச்சியில மிதிவெடி அகற்றுற வேலை செய்யிறன். எங்கட டிடெக்டர் தலைக்குப் போடுற கவர் கல்லில தேய்ஞ்சு ஒரு இடத்தில ஓட்டை விழுந்திட்டுது. டேப் ஒட்டிப் பாவிச்சா காணுமோ?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: காணாது தங்கச்சி. மத்தவங்களுக்கு நான் சொன்ன டேப்பு, சிலிக்கான், குடம் எதுவுமே உங்களுக்கு இல்ல. எங்களுக்கு ஒரு சிக்னல் தப்பினா ஒரு காசு போச்சு, உங்க வேலை அப்படி இல்ல. பி4 மாதிரி மிதிவெடியில இருக்கற உலோகமே துளியூண்டுதான், ஓட்டை வழியா போன செம்மண் கொஞ்சம் இரைச்சல் கொடுத்தாலே அந்தச் சின்ன சத்தம் அதுக்குள்ள மூழ்கிடலாம். உடனே உங்க சூப்பர்வைசர்கிட்ட காட்டி கவரை மாத்தச் சொல்லுங்க, அது வரைக்கும் அந்த மெஷினை நீங்க வெடி தேடற லேனுக்குள்ள கொண்டு போகாதீங்க. புதுக் கவர் போட்ட உடனே, காலைல ஒரு தடவை பார்த்தாச்சேன்னு விடாம, டெஸ்ட் பீஸை (மெஷினைச் சோதிக்கறதுக்குன்னே இருக்கற உலோகத் துண்டு) வெச்சு மறுபடி முழுசா சோதிச்சு எடுக்கணும். இதுல உங்க நிறுவனத்தோட விதிமுறை என்ன சொல்லுதோ அதுதான் கடைசி வார்த்தை, நான் இல்ல.

கேள்வி: எக்ஸ்பி டியூஸ் டிடெக்டர் வெச்சிருக்கேன், காயிலுக்குள்ளயே பேட்டரி. கவரைக் கழட்டாம சார்ஜ் போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: கிளிப் மாட்டற இடம் வெளிய தெரிஞ்சா போடலாம். ஆனா அந்தத் தொடுமுனைல உப்போ ஈரமோ இருக்கறப்போ மின்சாரம் கொடுத்தா சீக்கிரமே அரிச்சுடும், அதனால துடைச்சு காயவிட்டுத்தான் போடணும். அதுக்கு எப்படியும் கழட்டத்தானே போறீங்க.

கேள்வி: எங்க கொல்லையில பழைய காலத்துப் புதையல் இருக்கறதா தாத்தா சொல்வார். கவர் எல்லாம் போட்டு ரெடியா இருக்கேன். தேடலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: கவர் ரெடி, சட்டம் பார்த்தீங்களா? 1878-ம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சு கிடந்து 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது கிடைச்சாலும் கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், அமுக்கி வெச்சா குத்தம், அது உங்க சொந்தக் கொல்லையா இருந்தாலும் சரி. தொல்லியல் துறை பாதுகாக்கற இடத்துல அனுமதி இல்லாம மண்வெட்டி வைக்கவே கூடாது. போன வாரம் கொல்லையில விழுந்த மோதிரத்தைத் தேடுங்க, தாத்தா காலத்துச் சமாச்சாரம்னா முதல்ல தாசில்தார் ஆபீஸ்ல விசாரிங்க.

கேள்வி: டிடெக்டர் இன்னும் வாங்கல. ஆன்லைன்ல 11 இன்ச் காயில் கவர் ஆஃபர்ல வந்திருக்கு, இப்பவே வாங்கிப் போட்டு வைக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேணாம் தம்பி. 11 இன்ச்னு போட்டிருந்தாலும் ஒரு கம்பெனி காயிலோட வளைவும் உயரமும் இன்னொண்ணுக்கு வராது, ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் மாறும். மெஷினை வாங்குங்க, நிறைய மெஷினோட ஒரு கவர் பெட்டிக்குள்ளயே வரும், அது தேயறப்போ காயில் மாடல் பேரைச் சொல்லி அடுத்ததைத் தேடுங்க. அடுத்த இதழ்ல பின்பாயின்டர், அதான் தோண்டின குழிக்குள்ள விட்டுத் தேடற கைக் கருவி பத்தி, கேள்வி அனுப்பறவங்க தயவு பண்ணி மெஷின் மாடலையும் எழுதுங்க, "கருப்புக் கலர்ல ஒண்ணு"ன்னா எனக்கு எப்படித் தெரியும்.